கடனோடு வந்தோம், காணியோடு வாழ்வோம்
(தலைமன்னார் இறங்குதுறையில் ஆற்றிய உரை)



நம் பாட்டன் பாட்டிமார் தோணியில் வந்து இறங்கிய கரை இது. இங்கிருந்து காட்டுவழியே மாத்தளை வரை நடந்தார்கள். காலராவில் பலர் வழியிலேயே செத்தார்கள். உயிரோடு போய்ச் சேர்ந்தவர்களின் பெயரில் வழிச்செலவெல்லாம் கங்காணியின் கணக்கில் கடனாக ஏறியது. அந்தக் கடனைக் கட்டினால்தான் வேறு தோட்டம் போகலாம். அதற்கான சீட்டுத்தான் 'துண்டு'. 1921இல் சட்டம் அதை ஒழித்தது.

துண்டு போனது, லயம் போகவில்லை. லயத்தை எங்கே கட்டுவது என்று நம்மை யாரும் கேட்கவில்லை. 2014 அக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. ஆபத்தென்று 2005லும் 2011லும் எச்சரித்திருந்தார்கள். ஆனால் சொந்தக் காணி இல்லாதவர்கள் எங்கே போவது?

2025 நவம்பரில் தித்வா புயல் வந்தபோது மன்னாரில் வெள்ளம், மலையகத்தில் மண்சரிவு. மழை எல்லாருக்கும் பெய்தது; போக இடமில்லாதவர்கள் மலையடியிலேயே கிடந்தோம்.

2022இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று அறிவித்த நாடு இது. இனி காணிக்கும் வீட்டுக்கும் காசில்லை என்பார்கள். தேயிலை விற்ற டொலரில் நம் வியர்வை இல்லையா என்று கேட்போம். அந்த ஐந்தொகையில் நாம் கடன்காரரல்ல, கடன் கொடுத்தவர்கள்.

பாதுகாப்பான இடத்தில், நம் பெயரில் உறுதியோடு காணி வேண்டும். அதுவரை, ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் லயத்துக்குப் பின்னால் நில வெடிப்பு, புதிய ஊற்று, சாய்ந்த மரம் உண்டா என்று பார்த்து, எழுதி, கிராம சேவகரிடம் கொடுப்போம். பிரதியைச் சங்கத்தில் வைப்போம்.