கீரி எட்டிப் பார்த்தால்

ஞாயிற்றுக்கிழமை பனியன் கம்பெனிக்கு லீவு விட்டால், திருப்பூரில் சிலர் கேமராவோடு நஞ்சராயன் குளத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். அது பறவைகள் சரணாலயம். 2024-ல் ராம்சர் தளமாகவும் ஆனது.

எல்லார் கண்ணும் தண்ணீரில் நிற்கும் பறவை மேல்தான். திடீரென்று கரைப் புதரிலிருந்து ஒரு கீரி எட்டிப் பார்க்கும். என்ன செய்வது? அசையாதீர்கள். அவ்வளவுதான். துரத்தினால் வால்கூடப் படத்தில் விழாது. விருந்தாளியைக் கண்டு அம்மா சேலைக்குள் ஒளியும் குழந்தை மாதிரிதான் கீரியும். கூப்பிட்டால் வராது, சும்மா இருந்தால் மெல்ல வரும். சில சமயம் பின்னங்காலில் நிமிர்ந்து நின்று உங்களையே பார்க்கும். கீரி பகலில் நடமாடும் பிராணி. வெளிச்சத்துக்குக் குறைவில்லை. ஆகவே, அசையாதீர்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். மனசு கேட்கவில்லை. இந்தக் கீரியை அதன் முடிக்காகக் கொல்கிறார்கள். ஓவியம் தீட்டும் பிரஷ் செய்வதற்கு! 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். பிள்ளைகளுக்குப் பிரஷ் வாங்கும்போது, "இது கீரி முடியா?" என்று கடைக்காரரிடம் கேளுங்கள். ஆமாம் என்றால் வேண்டாம். நைலான் பிரஷ்ஷே நன்றாக எழுதும்.