உடல் வேறு, உயிர் வேறு
(மன்ற ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கைத்தொலைபேசிக்குக் கருவி உடல். சிம் அட்டையே உயிர். நமது அடையாளமும் இரகசியத் திறவுகோலும் அதனுள்ளேதான் இருக்கின்றன. 1991 இல் மியூனிக் நகர நிறுவனமொன்று இதனை முதன்முதலிற் செய்து, பின்லாந்துக்கு 300 அட்டைகளை விற்றது.

இதனால் நாம் அடையும் நன்மை யாது? கொட்பேயிலிருந்து கடலுக்குச் செல்லும் தொழிலாளியை எண்ணிப் பாருங்கள். உப்புநீர் புகுந்து கருவி பழுதானாலும் அட்டை பெரும்பாலும் தப்பிவிடும். அதனைத் தமையனின் பழைய கருவியில் இட்டால், சம்மாட்டியார் அழைக்கும் எண் மாறாது. கருவி பூட்டப்படாததாயின், ஒரு கம்பனியின் அலை எட்டாதவிடத்து வேறொன்றின் அட்டையையும் இடலாம். எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

2022 இல் அமெரிக்காவில் வெளியான ஐபோன் 14 இல் அட்டை இடும் துவாரமே இல்லை. உள்ளே பதிந்த இ-சிம்மைத் திருடன் கழற்ற முடியாது என்பர், உண்மையே. ஆயினும் கருவி மாற்றுவதற்கு இணையத்தையோ கம்பனியையோ நாடவேண்டும். படகில் நிற்பவனுக்கு அஃது எளிதன்று.

ஆகவே, அன்பர்களே, அட்டைக்கு இரகசிய எண் இட்டுக் காப்போம். புதுமையை வரவேற்போம், ஏழையின் கையிலுள்ள உரிமையையும் விடாதிருப்போம்.