பல நாட்டார் வாழும் டண்டினோங்

அவுஸ்திரேலியா என்றவுடன் பரந்த புல்வெளிகளும் ஆட்டு மந்தைகளும் ஆங்கிலம் பேசும் மக்களுமே பலருடைய மனத்தில் தோன்றுவன. அந்நாட்டின் விக்டோரியா மாநிலத்தில், மெல்பேர்ண் மாநகரின் மையத்திலிருந்து தென்கிழக்கே ஏறக்குறைய 30 கிலோமீற்றர் தொலைவிலுள்ள டண்டினோங் நகரத்தைக் காண்போருக்கு இவ்வெண்ணம் மாறிவிடும். அங்கே தோமஸ் வீதியில் ஆப்கானியரின் ரொட்டிக் கடைகள் இருக்கின்றன. சிறிது தூரம் நடந்தால், பொஸ்ரர் வீதியில் இந்தியரின் சேலைக் கடைகளும் பலசரக்குக் கடைகளும் வரிசையாக நிற்கின்றன. இந்நகரை உள்ளடக்கிய பெரிய டண்டினோங் மாநகரசபையின் எல்லைக்குள், 2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். அவர்களுள் பத்துப் பேரில் அறுவருக்கு மேற்பட்டோர் பிற நாடுகளிற் பிறந்தவர்கள். 150க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வந்தோர் இங்கு வாழ்வதாகச் சபை கூறுகிறது.

இத்தனை இனத்தவர் இங்கு வந்து சேர்ந்தது எவ்வாறு? இது தற்செயலாக நேர்ந்ததன்று.

ஆதியில் இந்நிலம் பூனுறொங் என்னும் பழங்குடி மக்களுக்குரியதாக இருந்தது. ஐரோப்பியர் குடியேறிய பின்னர் இது கால்நடை வியாபாரத்துக்குப் பேர்பெற்ற ஊராயிற்று. 1866இல் தொடங்கிய டண்டினோங் சந்தை இன்றும் நடைபெறுகிறது. 1877இல் புகையிரதப் பாதை வந்தது. ஆயினும் ஊரின் போக்கையே மாற்றியவை 1950களில் எழுந்த மூன்று பெருந் தொழிற்சாலைகளாகும். இன்ரநாஷனல் ஹார்வெஸ்ரர் பாரவண்டிகளையும், ஹைன்ஸ் தகரத்தில் அடைத்த உணவுகளையும், ஜெனரல் மோட்டேர்ஸ் ஹோல்டன் மோட்டார் வாகனங்களையும் செய்தன. ஹோல்டன் தொழிலாளருக்கெனத் தனியாக ஒரு புகையிரத நிலையமே 1956இல் திறக்கப்பட்டது. பிரித்தானியர், ஒல்லாந்தர், இத்தாலியர், யூகோசிலாவியர் முதலானோர் இத்தொழிற்சாலைகளை நாடி வந்து, அருகே டவ்ற்றன் குடியிருப்பு முதலிய இடங்களில் அரசாங்கம் கட்டிய சிறு வீடுகளிற் குடியமர்ந்தனர்.

அக்காலத்தில் ஆசியருக்கு அந்நாட்டின் கதவு ஏறக்குறைய அடைத்தேயிருந்தது. 1901ஆம் ஆண்டுச் சட்டத்தோடு உருப்பெற்ற வெள்ளை அவுஸ்திரேலியக் கொள்கையே அதற்குக் காரணம். இலங்கையிலிருந்து அந்நாளில் மெல்பேர்ண் சென்றோருட் பெரும்பாலார், ஐரோப்பிய வழித்தோன்றல்கள் எனக் காட்டக்கூடிய பறங்கியரே. அக்கொள்கை 1966இற் பெரிதும் தளர்த்தப்பட்டு 1973இல் முற்றாகக் கைவிடப்பட்டது. 1975இற்குப் பின் வியட்நாமியரும் கம்போடியரும் அகதிகளாக வந்தனர். அவர்களுட் பலர், 1970இல் அயலூரான ஸ்பிறிங்வேலிற் திறக்கப்பட்ட என்ரபிறைஸ் குடியேற்றவாசிகள் விடுதியில் முதலிற் தங்கி, வேலை கிடைத்ததும் அருகிலேயே வீடு தேடிக்கொண்டனர். பொஸ்னியர், சூடானியர், ஆப்கானிஸ்தானின் ஹசாரா மக்கள், இந்தியர், இலங்கையர் எனப் பிறரும் பின்னர் வந்து சேர்ந்தனர்.

இன்று இவர்களனைவரும் கலந்து பழகுமிடம் சந்தை. பாகற்காயும் கறிவேப்பிலையும் இரம்பையும் அடுத்தடுத்து விற்கப்படுகின்றன. தேவாலயங்களும் பள்ளிவாசல்களும் பௌத்த விகாரைகளும் சுற்றுவட்டாரத்தில் உள்ளன. தெற்கே கரம் டவுன்ஸ் என்னும் இடத்திலுள்ள சிவா விஷ்ணு ஆலயத்துக்குத் தமிழரும் ஏனைய இந்துக்களும் திரளாகச் செல்கின்றனர்.

மொழிகள் பலவாயினும் ஒருவரையொருவர் விளங்கிக்கொள்ள வழிகள் செய்யப்பட்டுள்ளன. வயது வந்த குடியேற்றவாசிகளுக்கு இலவசமாக ஆங்கிலம் கற்பிக்கும் அரசாங்கத் திட்டம் 1940களின் பிற்பகுதியிலேயே தொடங்கியது. தொலைபேசி மூலம் மொழிபெயர்க்கும் சேவை 1973இல் ஏற்பட்டது. நோயாளி தன் மொழியிற் கூறுவதை, எங்கோ இருக்கும் மொழிபெயர்ப்பாளர் வைத்தியருக்கு ஆங்கிலத்தில் உரைப்பார். 1975இல் மெல்பேர்ணிலும் சிட்னியிலும் பன்மொழி வானொலி நிலையங்கள் தொடங்கப்பட்டன. புதிய சுகாதாரக் காப்புத் திட்டத்தைப் பிற மொழியினருக்கு விளக்குவதே அவற்றின் முதல் நோக்கம். சில மாதங்களுக்கென எண்ணித் தொடங்கிய அம்முயற்சியே எஸ்.பி.எஸ். வானொலியாக வளர்ந்தது. இன்று அதிலே தமிழும் ஒலிக்கிறது.

இவற்றைக் கொண்டு, இங்கு குறையொன்றும் இல்லையெனக் கருதுதல் தவறாகும். இவ்வூர் வளரக் காரணமான தொழிற்சாலைகள் நிலைக்கவில்லை. ஹோல்டன் ஆலை 1991இல் மூடப்பட்டது. ஹைன்ஸ் ஆலையும் அதன் பின்னர் மூடப்பட்டது. தொழிலாளருக்கென அமைந்த புகையிரத நிலையமும் 2002இல் மறைந்தது. தெற்கு டண்டினோங்கில் இன்றும் பல ஆலைகள் இயங்குகின்றன. ஆயினும் மெல்பேர்ண் பெருநகரில் வருவாய் குறைந்த பகுதிகளுள் இதுவும் ஒன்றாகும். சொந்த நாட்டிற் பொறியியலாளராகவோ ஆசிரியராகவோ இருந்தவர், தமது தகைமை ஏற்கப்படாமையால் இங்கு பண்டசாலையிற் பெட்டி சுமப்பதும் உண்டு.

இதனினும் பெரிய துன்பம் ஒன்றுண்டு. படகேறி வந்து அடைக்கலம் கோரியோரிற் பலர் இப்பகுதியிலே வாழ்கின்றனர். அவர்களுள் ஈழத் தமிழரும் அடங்குவர். அகதிகளென ஏற்கப்பட்டோருக்கும் பல ஆண்டுகள் தற்காலிக வீசாவே கிடைத்தது. அவ்வீசாவில் இருப்பவர் மனைவி மக்களை அழைத்துக்கொள்ள இயலாது. தந்தை அனுப்பும் பணத்தில் வளர்ந்த பிள்ளை, தந்தையின் முகத்தைத் தொலைபேசித் திரையில் மட்டுமே கண்டு வாலிபப் பருவம் எய்திய குடும்பங்கள் உள. 2023 பெப்ரவரியில், ஏறக்குறைய 19,000 பேர் நிரந்தரமாகத் தங்குதற்கு வழி திறக்கப்பட்டது. ஆனால் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டோர் அதிற் சேர்க்கப்படவில்லை. அன்னார் வரி செலுத்துகின்றனர். அயலவரோடு ஒற்றுமையாக வாழ்கின்றனர். எனினும் அடுத்த ஆண்டு எங்கிருப்போம் என்பதை அறியார்.

டண்டினோங்கின் வரலாறு ஓர் உண்மையைப் புலப்படுத்துகிறது. பல இனத்தார் ஓரிடத்தில் ஒன்றுகூடி வாழ்தற்கு நல்லுரைகள் மட்டும் போதா. ஒரே ஆலையில் வேலை, ஒரே சந்தையிற் கொள்வனவு, ஒரே வகுப்பறையிற் பிள்ளைகள் என்னும் அன்றாடத் தொடர்புகளே அந்நியரை அயலவராக்கின. அவ்வயலவர் அவ்வூரைத் தம் சொந்த ஊரென்று சொல்ல, உழைப்பதற்குத் தொழிலும், அஞ்சாது தங்கியிருக்கும் உரிமையும் வேண்டும். இவ்விரண்டும் பெற்றோர் அங்கு வேரூன்றிவிட்டனர். பெறாதோர், அதே தெருவில் வாழ்ந்தும், இன்னும் வழிப்போக்கராகவே இருக்கின்றனர்.