சம்மதம் யாரிடம் கேட்கப்பட்டது?



ஒரு தலைவர் ஏன் அந்த முடிவை எடுத்தார் என்று கேட்டால் நாம் சட்டென்று சொல்வது சாதி, அல்லது பதவி ஆசை. பல நேரம் அது சரிதான். ஆனால் அதே சாதியில், அதே பதவியில் இருந்த இருவர் இருவேறு முடிவு எடுக்கிறார்களே? அங்கேதான் தலைவரின் நம்பிக்கைகளை ஆராயும் முறை உதவுகிறது. 1951இல் நேதன் லெய்ட்ஸ் சோவியத் தலைமையை இப்படி ஆராய்ந்தார். 1969இல் அலெக்சாண்டர் ஜார்ஜ் அதைப் பத்துக் கேள்விகளாக்கினார்: அரசியல் என்பது மோதலா இணக்கமா, வரலாற்றை மனிதர் எவ்வளவு திருப்ப முடியும், எப்போது துணிவது, எந்தக் கருவியால் என்பதைப்போல. விடைகளைத் தலைவரின் பேச்சிலும் எழுத்திலும் தேடுவார்கள்.

நம் சேலத்துக்காரர் ராஜாஜியிடம் கேட்டுப் பார்ப்போம். 1917 முதல் 1919 வரை இங்கே நகராட்சித் தலைவர். 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் ஆசிரமம் அமைத்து, ஊரின் எதிர்ப்பை மீறித் தலித்துகளையும் சேர்த்துக்கொண்டவர். இதை மறைத்துப் பேசுவது நமக்கு அழகல்ல. 1937 அக்டோபர் 1இல் மதுவிலக்கையும் சேலம் மாவட்டத்தில்தான் தொடங்கினார். நாமக்கல் அன்று அதற்குள் இருந்தது. குடிப்பவனிடம் சம்மதம் கேட்கவில்லை. சட்டம் போட்டார்.

மறு ஆண்டு எம்.சி. ராஜா கோயில் நுழைவு மசோதாவைக் கொண்டுவந்தார். ராஜாஜி திரும்பப் பெறச் சொன்னார், முதலில் மலபாரில் பார்ப்போம் என்றார். ராஜா மறுத்தார், மசோதா தோற்றது. பின்னர் வந்த மலபார் சட்டமோ சாதி இந்துக்களின் வாக்கெடுப்பைக் கேட்டது. கள்ளுக்கடைக்குச் சட்டம் போதும். கோயில் வாசலுக்கு மட்டும் வழி மறிப்பவரின் சம்மதம் வேண்டும்! சட்டத்தால் சமூகத்தைத் திருத்தலாமா என்ற ஒரே கேள்விக்கு, எதிரே நிற்கும் ஆளைப் பார்த்து இரண்டு விடை.

1939 ஜூலை 8இல் வைத்தியநாத ஐயர் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் தலித்துகளை அழைத்துச் சென்றார். அப்போது ராஜாஜி அரசு அவசரச் சட்டம் போட்டு அவர்களைக் காத்தது. நம்பிக்கை மாறியதா, நிலைமை தள்ளியதா? பேச்சை மட்டும் வைத்து இதைச் சொல்ல முடியாது. மேடைப் பேச்சு கேட்பவருக்காகச் செய்யப்படுவது. அதனால் முடிவுகளை வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும். 1953இல் பாதி நாள் பள்ளி, மீதி நேரம் பெற்றோர் தொழில் என்றார். தோல் பதனிடுபவர் பிள்ளைக்கு, மலம் அள்ளுபவர் பிள்ளைக்கு அதன் பொருள் என்ன? அவர்களிடமும் சம்மதம் கேட்கவில்லை. 1954இல் காமராசர் அதைக் கைவிட்டார்.

எம்.சி. ராஜா 1932இல் மூஞ்சேயோடு கூட்டுத் தொகுதிக்கு ஒப்பந்தம் செய்தவர். 1938இல் காங்கிரஸ் அரசின் சொல்லை மீறி மசோதாவை வாக்கெடுப்புக்கு விட்டார். அந்த ஆறு ஆண்டில் அவருக்குள் என்ன மாறியது? சட்டமன்ற விவாதங்கள் அச்சில் இருக்கின்றன. அந்தப் பத்துக் கேள்விகளோடு முதலில் அவரைப் படியுங்கள்.