பூஜ்ஜியத்துல தொடங்காத கோடு

இன்னைக்கு எபிசோடை ஒரு வாக்குமூலத்தோட ஆரம்பிக்கிறேன். இன்ஜினியரிங் முதல் வருஷம், ஃபிசிக்ஸ் லேப்ல, நான் ரீடிங்கைத் திருத்தி எழுதினேன்.

மின்னோட்டம் பாயுற கம்பி மேல காந்தம் எவ்வளவு விசை கொடுக்குதுன்னு அளக்குற சோதனை அது. எலக்ட்ரானிக் தராசு மேல, எதிரெதிரா ரெண்டு காந்தம். நடுவுல ஒரு செம்புக் கம்பி. அதை இரும்பு ஸ்டாண்டுல இறுக்கிப் பிடிச்சிருக்கும், தராசைத் தொடாது. கரண்ட் விட்டா காந்தம் கம்பியைத் தள்ளும். கம்பியால அசைய முடியாது, ஆனா அதுவும் காந்தத்தைத் திருப்பித் தள்ளும். நியூட்டனோட மூணாவது விதி. அந்தத் தள்ளலைத்தான் தராசு கிராம்ல காட்டுது.

கணக்கு சிம்பிள். விசைன்னா காந்தப்புலம், மின்னோட்டம், கம்பியோட நீளம் மூணையும் பெருக்கணும். 0.1 டெஸ்லா, 2 ஆம்பியர், 5 சென்டிமீட்டர்னா 0.01 நியூட்டன். தராசுல கிட்டத்தட்ட 1 கிராம்.

எனக்கு வந்தது 0.7. ஒரு ஆம்பியருக்கு 0.5 வரணும், வந்தது 0.2. மூணுக்கு 1.5 வரணும், வந்தது 1.2. மணி அடிக்கப் போகுது. சீனியரோட ரெக்கார்ட் நோட்டைப் பார்த்து எல்லாத்தையும் 'சரி' பண்ணிட்டேன். கிராஃப் அழகா பூஜ்ஜியத்துல இருந்து கிளம்புச்சு. கையெழுத்தும் கிடைச்சுது.

இப்போ அந்த நம்பர்களை மறுபடி பாருங்க. ஒவ்வொரு ஆம்பியருக்கும் சரியா 0.5 கிராம் ஏறுது. அதாவது, நான் அளந்த விசை சரி! எல்லா ரீடிங்கும் ஒரே அளவு, 0.3 குறைஞ்சிருந்துச்சு, அவ்வளவுதான். தராசை ஜீரோ பண்ணின பிறகு ஸ்டாண்டை நகர்த்தியிருக்கேன். அந்த இரும்பு, காந்தத்தைக் கொஞ்சம் மேல இழுத்திருக்கு. கரண்ட் விடாம ஒரே ஒரு ரீடிங் எடுத்திருந்தா மாட்டியிருக்கும். இல்லன்னா கம்பி முனைகளை மாத்திக் குடுத்து கரண்டைத் திருப்பியிருக்கலாம். 2 ஆம்பியருக்கு ஒரு பக்கம் 0.7, மறுபக்கம் மைனஸ் 1.3. வித்தியாசம் 2, அதுல பாதி 1. ஸ்டாண்டோட இழுப்பு தானா கழிஞ்சு போயிடும்.

பெரிய ஆய்வகங்கள்லயும் இதே புத்திதான். பிரிட்டன் இயற்பியலாளர் பிரையன் கிபிள் 1975ல ஒரு தராசு யோசனை சொன்னார். கம்பிச்சுருள் மேல வர்ற காந்த விசையை எடையோட சமன் பண்ணணும். புலத்தையும் நீளத்தையும் துல்லியமா அளக்குறது கஷ்டம். அதனால அதே சுருளை அதே புலத்துல நகர்த்தி, வர்ற வோல்டேஜை அளந்து, அந்த ரெண்டையுமே கணக்குல இருந்து நீக்கிட்டார். 2019 மே 20ல கிலோகிராமுக்குப் புது வரையறை வந்தப்போ, அதை நடைமுறையில அளக்குற முக்கியமான வழிகள்ல ஒண்ணு இந்தத் தராசுதான்.

இதை ஏன் ஓசூர்ல உட்கார்ந்து சொல்றேன்? டிவிஎஸ், ஏத்தர் எலக்ட்ரிக் ஸ்கூட்டர்கள் இங்கதான் தயாராகுது. ஓலா தொழிற்சாலை போச்சம்பள்ளி பக்கம். ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளி போற ஒவ்வொரு எலக்ட்ரிக் வண்டியோட மோட்டார்லயும் நடக்குறது அதே கம்பி, அதே காந்தம்தான்.

சமீபத்துல ஒரு மோட்டார் கன்ட்ரோலர் கோட் படிச்சேன். மோட்டார் சுத்துறதுக்கு முன்னாடி, கரண்ட் ஓடாதப்பவே, சென்சார் என்ன காட்டுதுன்னு பல தடவை அளந்து, சராசரி எடுத்து, அதை எல்லா ரீடிங்லயும் கழிக்குது. அதைச் செய்யலன்னா, மோட்டாரோட சுழல்விசை ஒவ்வொரு சுத்துலயும் ஏறி இறங்கும், வண்டி அதிரும். நான் லேப்ல எடுக்காம விட்ட அந்த ஒரு ரீடிங்!

அன்னைக்கு நான் அழிச்சது தப்பான நம்பரை இல்ல. அந்த மேஜையில என்ன நடந்துச்சுன்னு சொல்ல வந்த ஒரே சாட்சியை.

இப்பவும் டெஸ்ட் ரிசல்ட் எதிர்பார்த்த மாதிரி வரலன்னா கை துறுதுறுங்கும். அப்போ அந்த 0.3 கிராமை நினைச்சுக்குவேன்.

நீங்க திருத்தின ரீடிங் எது? வாய்ஸ் நோட்ல சொல்லுங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்!