பிள்ளையோடு தாயையும் உள்ளே அழைப்போம்
(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பேச்சுச் சிகிச்சை பயிலும் மாணவ மாணவியர்க்குப் பாடம் சொல்லும் பணியில் இருப்பவர்கள் நாங்கள். மேட்டுப்பாளையத்து மக்கள் முன்னே அப்பணியைப் பற்றி உரையாற்ற அழைத்தமைக்கு நன்றி. முதற்கண் எங்கள் பிழையொன்றை ஒப்புக்கொள்ள விரும்புகிறோம்.

பல ஆண்டுகளாக நாங்கள் மாணவர்க்குக் கற்பித்தது இதுதான்: பிள்ளையை அறைக்குள் அழைத்துக்கொள், கதவைச் சாத்து, படத்தைக் காட்டு, சொல்ல வை. தாய் வெளியே பெஞ்சில் காத்திருப்பார். முக்கால் மணி நேரம் கழித்து, "வீட்டிலும் இப்படியே செய்யுங்கள் அம்மா" என்று ஒரு தாளைக் கொடுத்தனுப்புவோம். எப்படிச் செய்தோம் என்பதை அவர் பார்த்ததே இல்லை. ஒரு சிறுவன் அறைக்குள் இருபது சொற்கள் சொன்னான். வீட்டில் ஒன்றுகூட இல்லை. "உங்களிடம் பேசுகிறான், என்னிடம் கையை மட்டும் காட்டுகிறான்; நான் என்ன குறை வைத்தேன்?" என்று அவன் தாய் கேட்டபோது எங்களால் விடை சொல்ல இயலவில்லை. குறை அவரிடம் இல்லை. கதவைச் சாத்திய எங்களிடம் இருந்தது.

வாரம் இருமுறை வந்தாலும் எங்களுக்குக் கிடைப்பது ஒன்றரை மணி நேரம். நாளொன்றுக்கு 12 மணி நேரம் விழித்திருக்கும் பிள்ளைக்கு வாரத்தில் 84 மணி நேரம் உண்டு. மற்ற எண்பத்திரண்டரை மணி நேரமும் அது அடுப்படியிலும் வாசற்படியிலும் உங்களோடுதான் இருக்கிறது.

இது புதிய கண்டுபிடிப்பன்று. காது கேளாத மகனைப் பெற்ற லூயிஸ் ட்ரேசி என்னும் தாய் 1942இல் அமெரிக்காவில் பெற்றோருக்கென்றே ஒரு நிலையத்தைத் தொடங்கினார். தொலைவில் உள்ளோருக்கு அஞ்சல் வழியாகவும் பாடங்கள் சென்றன. நமக்கு அருகே சென்னையில், 1969இல் தொடங்கப்பட்ட பால வித்யாலயாவில், காது கேளாத சிறு பிள்ளையோடு தாயும் வகுப்பில் அமர்ந்து கற்கிறார்.

மாணவர்களை இதற்குப் பழக்குவதுதான் கடினம். இருபது வயது மாணவி, மூன்று பிள்ளைகளைப் பெற்று வளர்த்த தாய்க்கு என்ன சொல்லிக் கொடுப்பாள்? ஆகவே முதலில் வாய் திறவாமல் பார்க்கச் சொல்கிறோம். பின்னர், இதுவரை எது பலித்தது என்று தாயிடமே கேட்கச் சொல்கிறோம். சிறிது நேரம் செய்து காட்டியபின் பந்தைத் தாயின் கையில் கொடுத்துவிட்டு, மாணவி தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். அவர்களுக்கு மிகக் கடினமான பாடம் அதுவே! "நன்றாகச் செய்தீர்கள்" என்று பொதுவாகப் பாராட்டினால் போதாது. "பந்தைப் பிடித்துக்கொண்டு ஐந்து எண்ணும் நேரம் பொறுத்தீர்கள், அப்போது அவன் உங்கள் முகத்தைப் பார்த்தான்" என்று கண்டதைச் சொல்ல வேண்டும். கேட்குமுன்பே அனைத்தையும் கையில் திணிக்கும் நன்னிமார்களுக்கும் அந்த ஐந்து எண்ணிக்கைதான் மருந்து.

இன்னொன்று. உருது பேசும் குடும்பத்தாரிடம், "வீட்டில் உருதை நிறுத்துங்கள், ஆங்கிலத்தில் பேசுங்கள்" என்று சிலர் அறிவுரை கூறுவதைக் கேட்டிருக்கிறோம். அது தவறு. இரு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. தாய்க்குச் சரளமாக வராத மொழியில் பேசச் சொன்னால், அவர் பேசுவதே குறைந்துவிடும். கொஞ்சுவதற்கும் கடிந்துகொள்வதற்கும் உங்களுக்கு எந்த மொழி தானாக வருகிறதோ, அதிலேயே பேசுங்கள்.

"அவன் அத்தாவும் நான்கு வயதில்தான் பேசினார்" என்று சொல்லிக் காத்திருக்கும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். ஒன்றரை வயதில் ஒரு சொல்லும் இல்லையெனில், இரண்டு வயதில் இரு சொற்களைச் சேர்க்கவில்லையெனில், முதலில் செவித்திறனைச் சோதிக்க வேண்டும். பிறந்த பிள்ளையின் காதில் பாங்கு சொல்லும் சமுதாயம் நாம். அந்தக் காது கேட்கிறதா என்று பார்க்கவும் வேண்டாமா? கதவு படாரென அடித்தால் திரும்புகிறான் என்பது சோதனையாகாது. கோரிமேட்டில் ஜிப்மர் கூப்பிடு தொலைவில் இருக்கிறது.

எங்கள் மாணவியர் உங்கள் இல்லங்களுக்கு வந்து பழக அனுமதி கோருகிறோம். பொம்மைப் பெட்டி ஏதும் கொண்டு வரமாட்டார்கள்; உங்கள் வீட்டுக் கிண்ணமும் கரண்டியும் போதும். அத்தா வளைகுடாவில் இருந்தால் கைப்பேசியின் திரையில் அவரையும் அழைத்துக்கொள்ளலாம். நன்னியை மட்டும் அடுப்படிக்கு அனுப்பிவிடாதீர்கள். அவரும் கூடவே அமரட்டும்.