பிணை நிற்பார் யார்?

(ஆண்டுவிழாவில் ஆற்றிய உரை)

கொடுங்குற்ற வழக்குகளில், விசாரணை முடியுமுன் ஒருவரைப் பிணையில் விடுவதா வேண்டாவா என்பதை நீதிமன்றம் எவ்வாறு முடிவு செய்கிறது? இதுவே நாம் இன்று எடுத்துக்கொண்ட பொருள். நாம் சட்டம் பயின்றவர் அல்லோம். பள்ளிப் படிப்போடு ரயில்வே அலுவலகத்தில் எழுத்தராய் அமர்ந்தவர். ஆயினும் இப்பொருள் ஒருநாள் நம் வீட்டு வாயிலுக்கே வந்தது. ஆதலின் பேசத் துணிந்தோம்.

நம் நகரமே பேசிய வழக்கொன்றை முதலில் நோக்குவோம். 2024 ஜூன் மாதத்தில் சித்திரதுர்க்கத்தைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் பெங்களூரில் கொலையுண்டார். அவ்வழக்கில் கன்னட நடிகர் தர்ஷன் உள்ளிட்ட பலர் கைதாயினர். அவ்வாண்டு டிசம்பர் 13ஆம் நாள் கர்நாடக உயர் நீதிமன்றம் பிணை வழங்கிற்று. 2025 ஆகஸ்டு 14ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தர்ஷனுக்கும் வேறு அறுவர்க்கும் அளிக்கப்பட்ட பிணையை நீக்கிற்று. குற்றத்தின் கடுமையும், சாட்சிகள் கலைக்கப்படக்கூடும் என்பதும் உரியவாறு எண்ணப்படவில்லை. புகழ் எவரையும் சட்டத்திற்கு மேலே ஏற்றிவிடாது என்பது அத்தீர்ப்பின் சாரம். அவர் குற்றவாளி என்று அது கூறவில்லை. அதனைத் தீர்மானிப்பது விசாரணையே.

இங்கே நாம் தெளிய வேண்டுவது ஒன்றுண்டு. பிணை கிடைத்தால் குற்றமற்றவர் என்று பொருளன்று; மறுக்கப்பட்டால் தண்டனை என்றும் பொருளன்று. ஓடி ஒளிவாரா? சான்றுகளை அழிப்பாரா? சாட்சிகளை மிரட்டுவாரா? மீண்டும் குற்றம் புரிவாரா? குற்றம் எத்துணைக் கொடியது? மேலெழப் பார்க்குமிடத்துச் சான்று எத்துணை வலியது? இவற்றையே நீதிபதி சீர்தூக்குகிறார். மரண தண்டனை, ஆயுள் தண்டனை, பத்தாண்டும் அதற்கு மேலுமான சிறை ஆகியவற்றுக்குரிய குற்றங்களில், 90 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிடில், பிணை கேட்கும் உரிமை தானே பிறக்கிறது.

ஆனால் பிணை ஆணை கிடைத்தும் வெளியே வர இயலாதார் பலர். அவர்க்காகக் கையொப்பமிட ஆளில்லை! மத்தியப் பிரதேசத்தில் மோதிராம் என்னும் கொத்தனாருக்குப் பிணை ஆணை கிடைத்தது. 10,000 ரூபாய்க்குப் பிணை கேட்டார்கள். உடன்பிறந்தாரின் சொத்து வேறு மாவட்டத்தில் உள்ளதென்று அவர் பிணையை ஏற்க மறுத்தார்கள். 1978இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், 1,000 ரூபாய்க்குச் சொந்த உறுதிமுறியின் பேரில் அவரை விடுவிக்கச் செய்தார். அத்தீர்ப்பில் அவர் கேட்ட கேள்வி நமக்காகவே கேட்டது போன்றது. பிழைப்புத் தேடி வந்த ஒரு தமிழரோ, கன்னடியரோ, மலையாளியோ தொலைவில் பஸ்தரிலோ போர்ட் பிளேயரிலோ கைதானால், அங்கே சொத்துள்ள ஆளுக்கு எங்கே போவார் என்பதே அக்கேள்வி. 2023 ஜனவரி 31ஆம் நாள் உச்ச நீதிமன்றம், உள்ளூர்ப் பிணையாளரே வேண்டும் என்னும் நிபந்தனை விடுதலையைத் தாமதப்படுத்துமிடத்து அதனை விதிக்க வேண்டாவென அறிவுறுத்தியது. ஒரு மாதத்திற்குள் பிணை கொடுக்க இயலாவிடில் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றமே எண்ணிப் பார்க்கலாம் எனவும் கூறிற்று.

இனி, நம் குறையைச் சொல்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன், கட்டட வேலை செய்யும் தாயொருத்தி ஒரு மாலையில் நம் வீட்டிற்கு வந்தாள். அடிதடி வழக்கில் கொலை முயற்சி என்று அவள் மகன் மேல் குற்றச்சாட்டு. பிணை ஆணை வந்துவிட்டது. "ஐயா, உங்கள் சம்பளச் சான்று இருந்தால் போதுமாம்" என்றாள். நாம் "நாளைப் பார்ப்போம்" என்றோம். அந்த நாளை வரவே இல்லை. ஊரிலிருந்து உறவினர் வந்து, அலைந்து, வேறொருவரைப் பிடித்து மீட்பதற்குள் ஆறு வாரங்கள் கழிந்தன. அவன் குற்றவாளியோ அல்லனோ, நாம் அறியோம். ஆனால் வெளியே இருக்கலாம் என்று நீதிமன்றம் சொன்ன ஒருவன், நம் அச்சத்தினால் உள்ளே கிடந்தான். அத்தாயை இன்றும் தெருவில் காண்கிறோம். அவள் வணக்கம் சொல்லும்போது நம் தலை தானே தாழ்கிறது.

பிணை நிற்பவர் குற்றத்திற்குப் பங்காளி ஆகார். வாய்தா நாளில் அவனை மன்றத்தில் நிற்கச் செய்வதே அவர் கடமை. அவன் தலைமறைவானால் எழுதிக் கொடுத்த தொகையைக் கட்ட நேரும். இது சிறிய பொறுப்பன்று. ஆராயாமல் ஏற்கவும் கூடாது. ஆனால் ஆராயாமல் மறுப்பதும் அறமன்று.

ஆகவே சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். நம் காலனியில் இத்துன்பம் நேர்ந்த குடும்பத்தை ஒதுக்காதிருப்போம். 15100 என்னும் இலவச சட்ட உதவி எண்ணை எடுத்துச் சொல்வோம். பிணை நிற்கத் தகுதியும் மனமும் உள்ளோர் நால்வரேனும் முன்வந்து சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுப்போம். முதற்பெயராக எமது பெயரை இன்றே எழுதிக் கொடுத்துள்ளோம்.